குடிக்கணக்கில் எனக்குப் பிறந்த பிள்ளை

கல்யாணம் ஆவதற்கு நாலு வருஷம் முன்பே எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க நினைத்தாலும் முடியாது, என் கையெழுத்திலேயே சர்க்கார் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை ஒரு டின் தவிடு கொடுத்து வாங்கினேன் என்று தோட்டத்துத் துரையிடம் என் வாயாலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் ஊரில் எனக்கு ஒழுக்கமான மனிதன் என்று பெயர் இருக்கிறதென்றால் அதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. வேறு மூன்று பேர் காரணம். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். (நன்றின்னா சுருக்கமா சொல்லணும் என்கிறாள் என் மனைவி. அது நம்மால் ஆகாது.)

1931ஆம் வருஷம். மலாய் நாட்டில், ஜொகூரில், சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. ஆபீஸில் பேர் பதியும் குமாஸ்தாவைத் தோட்டத்தில் கிராணி என்பார்கள். எனக்கு மேலே ஒரு பெரிய கிராணி, அவருக்கு மேலே துரை. எனக்கு இருபது வயது. அதே ஜொகூரில் மூவாரில் பிறந்து அங்கேயே ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவன். ஏழாவதுக்கு மேல் உலகத்தில் படிக்க ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்த காலம். வேலை இல்லை என்று மாதாமாதம் ஆட்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றி, கப்பலேற்றி, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று வீடுகள் காலியாகும். ஆபீஸிலும் இரண்டு கிராணிக்கு வேலை இல்லை என்று துரை சொல்ல ஆரம்பித்திருந்தார். பெரிய கிராணிக்கு ஐந்து பிள்ளைகள், ஆகவே போகப் போவது யார் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 'உன்னையும் ஊருக்கு அனுப்பிடுவாங்க தம்பி' என்று அவர் தினமும் சொல்வார். எனக்கு ஊர் மூவார்தான். அங்கே போக எதற்குக் கப்பல்? ஆனால் இந்த நியாயத்தைத் துரையிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் யாருக்கு இருந்தது?

அந்த நேரத்தில்தான் குடிக்கணக்கு வந்தது. நாட்டில் மொத்தம் எத்தனை தலை, அதில் மலாய்க்காரர் எத்தனை, சீனர் எத்தனை, ஜாவாக்காரர் எத்தனை, இந்தியரில் தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை, மலையாளி எத்தனை என்று சர்க்கார் எண்ணப் போகிறது. எங்கள் தோட்டத்து லயங்களை எண்ணும் பொறுப்பைத் துரை என்னிடம் கொடுத்தார்.

"ஒரு தப்புக்கூட இருக்கக் கூடாது. புதன்கிழமை காலையில் அதிகாரி வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் நீ இருக்கலாம்" என்றார்.

சரியாக இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

அன்று முதல் என்னைப் பிடிக்க முடியவில்லை. பெரிய கிராணியின் தொப்பியை இரவல் வாங்கிக்கொண்டேன். அது புருவம் வரை இறங்கும், எதிரில் வருகிறவரின் இடுப்புக்கு மேல் எனக்குத் தெரியாது. வெள்ளை டிரில் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் காகிதக் கட்டு, பையில் வீட்டு நம்பர் போடச் சுண்ணாம்புக் கட்டி. மகாராஜா சுல்தானே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'தம்பி, என் ஜனங்களை எண்ணிச் சொல்' என்று கேட்டதாக எனக்குள் ஓர் எண்ணம்.

முதல் இரண்டு நாள் ஒரு மாதிரி ஓடியது. வயதைக் கேட்டால், 'நீங்களே பாத்துப் போடுங்கய்யா' என்றார்கள். பார்த்துப் போட்டேன். ஓர் அண்ணனும் தம்பியும் என் தயவால் அந்த வருஷம் இரட்டையர் ஆனார்கள். புருஷன் பேரைக் கேட்டால் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். அதையும் சமாளித்தேன். மூன்றாம் நாள் திங்கட்கிழமை மத்தியானம், ரப்பர் பால் வெட்டு முடிந்து எல்லோரும் திரும்பிய நேரத்தில், பதினாலாம் நம்பர் வீட்டுக்கு வந்தேன்.

அது முனியம்மாவின் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் அவளை எதிர்த்துப் பேசியவர்கள் இரண்டாம் முறை பேசியதில்லை. ஆட்களை மேய்க்கும் கங்காணியே அவள் பால் வெட்டும் மர நிரையைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"எண்ணிச் சொல்ல மாட்டேன். பேர் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க. காளியப்பன், செல்லம்மா, ராமன், அப்புறம் பிச்சையா. பிச்சையா கைப்பிள்ளை, ஏழு மாசம்."

எழுதினேன். நாலு பிள்ளைகள். இனம், தமிழ். அடுத்தது பதினைந்தாம் நம்பர். அங்கே அப்பலசாமி என்ற தெலுங்கரும் அவர் மனைவி லட்சுமம்மாவும் இருந்தார்கள். லட்சுமம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க?"

"இல்லீங்க ஐயா."

"மடியில இருக்கிறது?"

"முனியம்மா அக்கா பிள்ளை ஐயா. நான் பால் குடுக்கிறேன்."

குழந்தை பேர் என்ன என்று கேட்டேன். பிச்சையா என்றாள்.

விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நம் ஜனங்களில் யாருக்குத்தான் தெரியாது? லட்சுமம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்து சில மாதங்களில் போய்விட்டன. மூன்றாவது பிறந்ததும் முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து, முனியம்மாவுக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். பிள்ளை வேறொருத்தி பிள்ளை ஆகிவிட்டால் எமன் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போவான் என்று நம்பிக்கை. வாங்கியவள் பிள்ளையை வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே கொடுப்பாள். பெற்றவள் மட்டும் 'என் பிள்ளை' என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது. ஏழு மாதமாக லட்சுமம்மா சொல்லவில்லை. பிச்சையாவும் கொழுக்கட்டை மாதிரி இருந்தான்.

இதெல்லாம் தெரிந்தும், ஏழாவது படித்த மூளை சும்மா இருக்குமா? தெலுங்குத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவன் எப்படித் தமிழன் ஆவான்? சர்க்கார் கணக்கில் ஒரு தெலுங்கர் குறைகிறாரே! ஒரு தப்புக்கூட இருக்கக் கூடாது என்று துரை சொல்லியிருக்கிறாரே! வெளியே வந்து நின்று, லயம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டேன்.

"லட்சுமம்மா! பொய் சொன்னா சர்க்கார் சும்மா விடாது. கப்பல் ஏத்திடுவாங்க. இது நீ பெத்த பிள்ளைதானே? ஆமாவா, இல்லையா?"

கப்பல் என்ற சொல்லை நான் உபயோகித்திருக்கக் கூடாது. அவளுடைய அண்ணன் குடும்பம் போன மாதம்தான் போயிருந்தது. பாவம், நடுங்கிப்போய், "ஆமா" என்றாள்.

லட்சுமம்மா தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். ஆனால் வந்த சொல் வந்துவிட்டது. அவள் அழுத அழுகையை நான் இப்போது எழுதப் போவதில்லை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் இந்தக் கதையில் அந்த இடத்தில் மட்டும் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை. அன்று நானோ அவளைத் தாண்டிப் போய்ப் பதினாலாம் வீட்டுக் காகிதத்தில் பிச்சையாவை அடித்துவிட்டு, பதினைந்தில் சேர்த்து, 'இனம், தெலுங்கு' என்று அழகாக எழுதினேன். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

சாயங்காலம் பிச்சையாவுக்குக் காய்ச்சல்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் வந்து பார்த்துவிட்டு, "பல்லு முளைக்குது, ஒண்ணும் இல்லே" என்று மருந்து கொடுத்தார். யார் நம்புகிறார்கள்? செவ்வாய்க்கிழமை நான் லயத்துக்குப் போனபோது நான் போட்டிருந்த நம்பர்கள் ஒன்றுகூடக் கதவில் இல்லை. சாணித் தண்ணீரால் துடைத்து எடுத்திருந்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், "ஆள் இல்லே" என்று உள்ளே இருந்து ஆளே சொன்னது. இன்னும் இருபது வீடு பாக்கி. மறுநாள் காலையில் அதிகாரி. அந்த வெயிலில் நின்று, கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படும் என்று யோசித்தேன்.

முனியம்மாதான் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"என்ன கிராணியாரே, எண்ணி முடிச்சாச்சா?"

"அக்கா, தெரியாம சொல்லிட்டேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்."

"தெரியாமயா? தெரிஞ்சுதானே கத்தினீங்க." நான் தலை குனிந்தேன். (தொப்பி கழன்று விழுந்தது.) "நான் வாங்கின வாங்கல் கெட்டுப்போச்சு. திரும்ப நானே வாங்க முடியாது. புதுசா ஒரு ஆள் வாங்கணும். பிள்ளை பறிகொடுத்த வீடா இருக்கக் கூடாது. இந்த லயத்துல அப்படி ஒரு வீடு இருக்கா, நீங்கதான் வீடு வீடா எழுதினீங்களே, சொல்லுங்க."

யோசித்தேன். இல்லை. உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் நான் எழுதினேன். முனியம்மா வீடு தவிர ஒவ்வொரு வீட்டிலும் இறந்துபோன பிள்ளைகளின் பேர்களையும் சொன்னார்கள், அதற்குக் காகிதத்தில் கட்டம் இல்லை என்று நான் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன்.

"நீங்க வாங்குங்க" என்றாள் முனியம்மா. "உங்களுக்குப் பிள்ளையே கிடையாது. பறிகொடுக்கவும் இல்லே. கெடுத்த வாயாலேயே கேட்டு வாங்குங்க."

"அக்கா! நான் கல்யாணம் ஆகாதவன்!"

"எமன் அதெல்லாம் விசாரிக்க மாட்டான்."

பெரிய கிராணி வீட்டுக் கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பால் டின் நிறையக் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அவர் மனைவி கேட்டதற்கு, 'சர்க்கார் வேலை' என்றேன். லயத்துக்குப் பின்னால் குப்பைமேடு. அதன் எதிரில், டிரில் சட்டையோடு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முறத்தில் பிச்சையாவைக் கிடத்தி என் முன்னால் வைத்தார்கள். தவிட்டைக் கொடுத்தேன்.

"எடுத்து மடியில வச்சு, என் பிள்ளைன்னு மூணு தரம் சொல்லுங்க. சத்தமா. நேத்து அவ்வளவு சத்தம் இருந்துச்சே."

சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் புத்திரன் என் கால்சட்டையை நனைத்தான். பெண்கள் குலவையிட்டார்கள். லட்சுமம்மா எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து, முதலாளி வீட்டுப் பிள்ளையைத் தூக்குவது போல என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டுவிட்டுத் தூக்கினாள்.

இதோடு முடிந்தது என்று எழுந்தேன்.

"எங்க போறீங்க? பேப்பர்ல எழுதுங்க" என்றாள் முனியம்மா. "நேத்து அவ பிள்ளைன்னு சர்க்கார் பேப்பர்ல எழுதினீங்க. அதை அடிச்சுட்டு உங்க பிள்ளைன்னு எழுதினாத்தான் செல்லும். எழுதினா எல்லாரும் கதவைத் தொறப்போம்."

எழுதினேன். என் அறைக்கும் ஒரு காகிதம் இருந்தது. முதல் வரியில் நான்: ஆண், இருபது, விவாகம் ஆகாதவர், தமிழ், கிராணி. இரண்டாவது வரியில் பிச்சையா: ஆண், ஏழு மாதம், தமிழ். சொன்னபடி எல்லாக் கதவுகளும் திறந்தன. இருட்டுவதற்குள் இருபது வீட்டையும் எண்ணி முடித்தேன். இந்த முறை இறந்த குழந்தைகளின் பேர்களையும் நின்று கேட்டேன். எழுதக் கட்டம் இல்லை, கேட்டேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஆபீஸ் வராந்தாவில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். ஜொகூர் சர்க்காரின் மலாய் அதிகாரி. கறுப்புச் சொங்கோக் தொப்பி, இடுப்பில் ஒழுங்காக மடித்துக் கட்டிய சாரோங், தாழ்ந்த குரல். பக்கத்தில் துரை. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றிலும் தப்பு இல்லை. கடைசிக் காகிதத்தில் அவர் விரல் நின்றது. அதைத் துரையிடம் நகர்த்தினார்.

துரை படித்தார். காதிலிருந்து சிவக்கத் தொடங்கினார். இனி துரையோடு நான் பேசியதெல்லாம் இங்கிலீஷில்.

"விவாகம் ஆகாதவன். ஆனால் மகன் இருக்கிறான்?"

"ஆமாம் சார்."

"எப்போது பிறந்தான்?"

"நேற்று மத்தியானம்தான் எனக்குக் கிடைத்தான் சார்."

"ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறாய்!"

"வாங்கும்போதே ஏழு மாதம் சார்."

"வாங்கினாயா?" துரை எழுந்து நின்றுவிட்டார். "குழந்தையை வாங்கினாயா? என் தோட்டத்திலா? என்ன விலைக்கு?"

பொய் சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

"ஒரு டின் தவிடு சார்" என்றேன். பிறகு விலை மலிவு என்று நினைத்துவிடப் போகிறாரே என்று, "நிறைய, சார். தலை தட்டாமல்" என்றேன். (ஏழாவது வரை படித்த இங்கிலீஷில் சமாதானம் சொல்லப் போனால் இப்படித்தான் ஆகும்.)

பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார்கள். லட்சுமம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் முனியம்மா, அவள் பின்னால் லயமே. பிச்சையாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கீழ் ஈறில் அரிசி முனை போல ஒரு பல் தெரிந்தது. நீ யார் என்று துரை லட்சுமம்மாவைக் கேட்டார்.

"பால் குடுக்கிறவ, தொரை" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். கிராணி ஒருவன் குழந்தையையும் வாங்கி அதற்குப் பால் கொடுக்க ஆளும் வைத்திருக்கிறானா என்று துரை கத்தினார். பிறகு அவளைப் பார்த்து, எனக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "இது உன் குழந்தையா? உண்மையைச் சொல். இல்லையென்றால் இவன் இன்றைக்கே வேலையை விட்டுப் போகிறான். இதை அவளுக்குச் சொல்."

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். வேலை போகப் போகிறவனும் நான். அவள் மறுபடி 'ஆமா' என்று சொன்னால் எனக்கு வேலை இருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை கேட்டது அவளுக்கு அரைகுறையாகப் புரிந்துதான் இருந்தது. எனக்காகச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. உதடு அசைந்துவிட்டது.

"சொல்லாதே லட்சுமம்மா!" என்று கத்தினேன். துரை பக்கம் திரும்பி, "என் பிள்ளைதான் சார். இவனை நான் பெறவில்லை, ஆனால் என் பிள்ளைதான். என்னைக் கப்பலேற்றுவதானால் ஏற்றுங்கள்" என்றேன். வீரமாகச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். குரல் கீச்சென்று இருந்தது என்பது முனியம்மாவின் சாட்சியம்.

மலாய் அதிகாரி என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்.

"இந்த அம்மாவுக்கு இதற்கு முன்னால் குழந்தைகள் தவறிவிட்டனவா?"

"இரண்டு, துவான்."

அவர் தலையசைத்தார். "நான் சின்ன வயதில் ஓயாமல் சீக்காளி. தாய் தகப்பனோடு ராசி இல்லை என்று என்னைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மீனவருக்குப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டார்கள். நான் வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். ஆனால் அவர் சாகும் வரை நோன்புப் பெருநாளுக்கு அவர் கையைத்தான் முதலில் முத்தமிடுவேன்." பிறகு துரையிடம் இங்கிலீஷில், "இது வளர்ப்புப் பிள்ளை. எங்களிடமும் உண்டு. காகிதத்தில் தவறு ஒன்றும் இல்லை" என்றார்.

"இனம்?" என்றார் துரை, விட மனமில்லாமல்.

"தகப்பனுடைய இனம் எதுவோ அதுதான்" என்று சொல்லிவிட்டு, என் காகிதத்தில் தம் கையெழுத்தைப் போட்டார் அதிகாரி. அப்படியாக அந்த வருஷக் கணக்கில் ஜொகூரில் ஒரு தெலுங்கர் குறைந்து ஒரு தமிழர் கூடினார். நாட்டின் இன விகிதம் ஏன் மாறியது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அதில் இவ்வளவுக்கு நான் பொறுப்பு.

துரை என்னை அனுப்பவில்லை. கணக்கு சரியாக இருந்தால் நீ இருக்கலாம் என்று சொல்லியிருந்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். (அதன் பிறகு ஆறு மாதம் என்னைக் கண்டால், "உன் மகன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்பார். கேலியாக ஆரம்பித்தது, கடைசியில் உண்மையாகவே கேட்டார்.) அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். நான் இருந்தேன். முனியம்மா, லட்சுமம்மா, அந்த அதிகாரி, இந்த மூன்று பேரில் ஒருவர் குறைந்திருந்தாலும் நான் இன்று ஜொகூரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதைத்தான் முதலில் மூன்று பேர் என்றேன்.

பிச்சையா வளர்ந்தான். என்னை 'நைனா' என்று கூப்பிட்டான். எனக்குப் பெண் பார்த்தபோது பெண்ணின் தகப்பனார் மூவாரிலிருந்து வந்து என் அறையில் உட்கார்ந்திருக்க, நாலு வயதுப் பயல் ஓடி வந்து, "நைனா, மிட்டாய்" என்று என் மடியில் ஏறினான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, முனியம்மா வந்து முழுக் கதையும் சொல்லிக் கல்யாணத்தைக் காப்பாற்றினாள்.

இருபத்திரண்டு வயதில் அவனுக்குக் கல்யாணம். தாய் தகப்பன் முன்னால் வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டபோது, லட்சுமம்மா என்னையும் என் மனைவியையும் முன்னால் தள்ளிவிட்டாள். தாலி கட்டி முடிந்ததும் என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆளாகி நிக்கிறான். இனிமே நீங்க தாராளமா சொல்லலாம். ஒரு தரம் சொல்லுங்க" என்றாள்.

லட்சுமம்மா பிள்ளையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சுற்றிலும் கூட்டத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றாள் மெதுவாக. "நல்லா இருக்கான்ல. அப்படியே ஐயாகிட்டயே இருக்கட்டும்."

அதனால்தான் இன்றும் யார் வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாலும் என் மனைவி, "எனக்கு மூணு, இவருக்கு நாலு" என்பாள். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தால், "சும்மா இருங்க, பக்கத்து வீட்டுல லட்சுமம்மா அக்கா இருக்காங்க, காதுல விழப்போவுது" என்று அடக்கிவிடுவாள்.